அடுத்த ஹோல்டில் இறங்கிய மனிதர்

கொட்டாஞ்சேனை
11.01.2025

சாம்பவிக்கு,

'அன்பின்' என்று எழுதி வெட்டினேன். வெட்டினது தெரியுதுதானே? தெரியட்டும்.

வட்ஸ்அப்பில் உன்னை பிளாக் பண்ணியிருக்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ மூக்கை உறிஞ்சுவாய், கடைசியில் நான்தான் "சரி சரி, அழாதே" என்று சொல்லி முடிப்பேன். பதினொரு வருஷமாக நம்முடைய சண்டை எல்லாம் அப்படித்தான் முடிஞ்சிருக்கு. இந்த முறை அப்படி முடியக் கூடாது. அதுதான் தபால்.

உன் கதை 'அடுத்த ஹோல்ட்' வந்த சஞ்சிகை நேற்று வீட்டுக்கு வந்தது. வாப்பா ஜும்ஆ தொழுதிட்டு வந்து, நான் சோறு போடும் வரைக்கும் அதை எடுத்துப் புரட்டினார். சஜீத் என்ற புனைபெயருக்குப் பின்னால் நாம் ரெண்டு பொம்பிளைகள் இருக்கிறோம் என்று அவருக்கு எப்பவோ தெரியும். வழக்கமாக வாசித்துவிட்டு "நல்லா ஈக்கி" என்பார், அவ்வளவுதான். நேற்று நான் சோற்றுக் கோப்பையோடு வரும்போது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

"உம்மா ஒங்களுக்கு சென்னாவா?" என்று கேட்டார்.

"என்னத்த வாப்பா?"

"பஸ் விஷயத்த."

எனக்கு முதலில் ஒரு கண்றாவியும் விளங்கவில்லை. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்து விளங்கினது.

உன் கதையில் என்ன நடக்குது? 2019இல் ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு, முஸ்லிம்களைச் சந்தேகமாகப் பார்த்த நாட்கள். புறக்கோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் முன்சீட்டில் அபாயா போட்ட ஒரு மனுஷி. பின்னால், ஆட்களுக்கு நடுவில், அவளுடைய புருஷன். பஸ்ஸில் இருந்தவர்கள் அவளுடைய பையைத் திறக்கச் சொல்கிறார்கள். திறந்து காட்டினாலும் இறங்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்றவன் புருஷனிடம், "உங்கட ஆளா?" என்று கேட்கிறான். "எனக்குத் தெரியாது, நான் இந்து" என்கிறார் அவர். அவளை இறக்கிவிட்டு பஸ் போகுது. அவர் பஸ் அடுத்து நிற்கிற ஹோல்டில் இறங்கி அவளிடம் திரும்பி நடக்கிறார்.

நான் இதை ஒரு கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் சாம்பவி. நடந்திருக்கு. என் உம்மாவுக்கு நடந்திருக்கு. அந்தப் புருஷன் என் வாப்பா.

உம்மா மவுத்தாகி, அடக்கம் செய்து நாலு வருஷம். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் நீ வந்தால் உன்னைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தி, கதவையும் சாத்திக்கொண்டு பேசுவா. உனக்குச் சொல்லியிருக்கிறா. நீ அதை எழுதி எனக்கே திருத்தத் தந்திருக்கிறாய். நானும் மடைச்சி மாதிரித் திருத்தித் தந்திருக்கிறேன்.

நம்முடைய தொகுப்பு பெப்ரவரி கடைசியில் அச்சுக்குப் போகுது. அதற்குள் அந்தக் கதையை எடுத்துவிடு. வாப்பா நேற்றிலிருந்து என்னோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கோப்பையை அறைக்குள் கொண்டுபோகிறார்.

ஷபீகா

*

வெள்ளவத்தை
19.01.2025

அன்பின் ஷபி,

நான் வெட்டவில்லை.

உன் கடிதத்தை அப்பாதான் வாங்கினார். "பிள்ளை, கையால எழுதின கடிதம் வந்திருக்கு!" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். கரண்ட் பில்லைத் தவிர இந்த வீட்டுக்குத் தபாலில் ஒன்றும் வந்து எத்தனையோ வருஷம். யாரிட்டையிருந்து என்று கேட்டார். ஷபி என்றேன். "அந்தப் பிள்ளைக்கு என்ன, போன் பழுதோ?" என்றார். ஓம் என்றேன்.

உன்ர உம்மா எனக்கு இதைச் சொல்லவேயில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். உனக்கு முதல் பேசி வந்த மாப்பிள்ளையை ஏன் வேண்டாம் என்றா என்று சொன்னா, வட்டிலாப்பத்துக்கு எத்தனை முட்டை என்று சொன்னா, உன்ர தலைக்கனத்தைப் பற்றி நிறையச் சொன்னா. பஸ்ஸைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்படியெண்டால் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கோபிக்காதே.

வேறு என்ன எழுதுவது. வழக்கமாக நீ கேட்பாய், என்ன எழுதுகிறாய், என்ன வாசிக்கிறாய் என்று. எழுதுவது பூச்சியம். புதிதாக ஒன்று தொடங்கினேன், ஒரு மனுஷி கதவைத் திறக்கிறாள், அதோடு நிற்குது. அவளுக்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை. எந்தப் பெயர் வைத்தாலும் அது ஒரு ஊரையும் ஒரு சாமியையும் இழுத்துக்கொண்டு வருது. வாசிப்பது, மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்த ஒரு மொத்த நாவல். மூன்று கிழமையாக அறுபதாம் பக்கத்தில் நிற்கிறேன். உண்மையைச் சொன்னால் நான் வாசிப்பது சஞ்சிகைக்கு வந்த வாசகர் கடிதங்களைத்தான். ஆசிரியர் எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினார். அக்கரைப்பற்றிலிருந்து ஒரு முஸ்லிம் வாசகர் எழுதுகிறார், "சஜீத் நிச்சயம் எங்கட ஆள். குடையைச் சட்டைக் கொலரில் கொளுவிக்கொண்டு பஸ் ஏறுகிற மனிசனை எங்கட வீட்டில் பிறந்தவன்தான் எழுதுவான்." வத்தளையிலிருந்து இன்னொருவர், "முஸ்லிம்களைக் கோழைகளாகக் காட்டும் இந்த சஜீத் யார்? முகத்தைக் காட்டட்டும்."

முகத்தைக் காட்டு என்றுதான் பதிப்பாளரும் கேட்கிறார். பின் அட்டைக்கு 'ஆசிரியர் பற்றி' வேண்டுமாம். 'சஜீத் கொழும்பில் வசிக்கிறார்' என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு மணித்தியாலம் இருந்தும் ஒன்றும் வரவில்லை. சஜீத் என்றால் உன் வீட்டுக்கும் பொருந்தும், என் வீட்டுக்கும் பொருந்தும் என்று அந்தக் காலத்தில் எவ்வளவு சிரித்தோம். இப்ப அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்கே தெரியவில்லை.

கதையை எடுக்க மாட்டேன் ஷபி. அதை எடுத்தால் மிச்சம் பதினொரு கெட்டிக்காரக் கதைகள்தான்.

சாம்பவி

*

கொட்டாஞ்சேனை
24.01.2025

சாம்பவி,

வட்டிலாப்பம், நாவல், அறுபதாம் பக்கம்! சுத்தி வளைத்து மூக்கைத் தொடுவதில் உன்னை யாரும் வெல்ல முடியாது. நான் ஒரு கேள்வி கேட்டேன். உம்மா சொல்லவில்லை என்றால் யார் சொன்னது? வானத்திலிருந்து விழுந்ததா?

நம்முடைய சட்டம் என்ன? அவரவர் வீட்டு விஷயத்தை மற்றவளுடைய வீட்டு உடுப்பில் எழுதுவது. என் மாமியின் ரெண்டாம் கல்யாணத்தை நான் ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியார் வீட்டில் வைத்து எழுதினேன். நீ உன் மச்சான் பேசாமல் போன கதையைத் தெமட்டகொடையில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாய். பிறகு உடுப்புச் சரியா என்று மற்றவள் பார்ப்பாள். யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியாது, சொந்தக்காரர் யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். சட்டத்தைக் கொண்டுவந்ததே நீ. இப்ப நீயே என் வீட்டுக் கதையை என் வீட்டு உடுப்போடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

உண்மையாகவே எனக்குக் கோபம் எதில் என்று தெரியுமா? கதை வந்ததில் இல்லை. நீ என்ன சத்தியம் செய்தாலும், உம்மா உன்னைத் தெரிவு செய்ததில். நான் ஒரே வீட்டில் பக்கத்து அறையில் இருந்தேன். மகளிடம் சொல்ல முடியாததை அந்த மனுஷி வெள்ளவத்தையிலிருந்து வாறவளிடம் சொல்லுமா? அப்படியென்றால் நான் யார் அவவுக்கு? ராத்திரி பகல் இதே யோசனை, மண்டை வெடிக்குது.

வாப்பாவிடம் கேட்கப் பயமாக இருக்கு. கேட்டால் சொல்லிவிடுவார். சொன்னால் நான் அவரை எப்படிப் பார்ப்பேன்? எழுபத்துநாலு வயது. பள்ளிக்கும் இப்ப ஆட்கள் கலைந்த பிறகுதான் போகிறார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைக்கிறார். என் வாப்பா கோப்பை கழுவி நான் கண்டதே இல்லை.

யார் சொன்னது என்று எழுது. இல்லாவிட்டால் பதிப்பாளருக்கு நானே எழுதி, பெயரில் என் பாதியைத் திருப்பிக் கேட்பேன். சஜீத் செத்துப்போனான் என்று அட்டையில் போடட்டும்.

ஷபீகா

*

வெள்ளவத்தை
02.02.2025

ஷபி,

நான் சட்டத்தை மீறவில்லை.

எழுதிவிட்டு எழும்பிப் போய், ரீ போட்டு, அதைக் குடிக்க மறந்து, திரும்ப வந்து இருக்கிறேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, அம்மாவுக்கும் தெரியாது. நீயும் ஒருவருக்கும் சொல்லாதே.

அந்தப் பஸ் உன் வாப்பாவின் பஸ் இல்லை, என்ர அப்பாவின் பஸ். எண்பத்து மூன்று, யூலை இருபத்தைந்து, திங்கட்கிழமை. எனக்கு அப்ப ஒரு வயது. அப்பா கோட்டையில் ஒரு கந்தோரில் கிளார்க். பகல் தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கிவிட்டது என்று கந்தோரை மூட, வெள்ளவத்தைப் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். பக்கத்துச் சீட்டில் கதிர்காமநாதன், அதே கந்தோர், அதே மேசை, மத்தியானச் சாப்பாட்டைப் பங்குபோட்டுச் சாப்பிடுகிற ஆள். கொள்ளுப்பிட்டி தாண்ட பஸ்ஸை மறித்திருக்கிறார்கள். அப்பாவுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. "நான் முஸ்லிம், பெயர் நபீஸ்" என்றாராம். விட்டுவிட்டார்கள். பிறகு கதிர்காமநாதனைக் காட்டி, "இவன் உன்னோடையோ?" என்று கேட்டார்கள். "தெரியாது" என்றாராம்.

அவரை இறக்கினார்கள். பஸ் போனது.

2017இல் பைபாஸ் ஒப்பரேஷனுக்கு முதல்நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அப்பா இதைச் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அடுத்த ஹோல்டில நான் இறங்கினனான் பிள்ளை. திரும்பி ஓடினனான். அங்கை ஒருத்தரும் இல்லை." அவ்வளவுதான். கதிர்காமநாதனைப் பற்றிப் பிறகு ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒப்பரேஷன் சரிவந்தது, அப்பா வீட்டுக்கு வந்தார், அந்தக் கதையை இரண்டு பேரும் திரும்பத் தொடவில்லை.

ஏழு வருஷம் அதை வைத்துக்கொண்டு இருந்தேன். எழுதாமல் இருக்கவும் ஏலாது, எழுதவும் ஏலாது. அப்பா இன்னும் இருக்கிறார், அம்மா வாசிப்பா. அதால் சட்டப்படி உன் வீட்டு உடுப்பைப் போட்டேன். எண்பத்து மூன்றை 2019 ஆக்கினேன். நண்பனை மனைவி ஆக்கினேன். முஸ்லிம் என்று சொன்னவரை இந்து என்று சொல்ல வைத்தேன். முடிவில் மட்டும் நடந்ததை அப்படியே எழுத மனம் வரவில்லை. திரும்பிப் போகிறவருக்கு அங்கே ஆள் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதனால்தான் அவள் பையோடு அங்கேயே நிற்கிறாள்.

உன் உம்மாவுக்கு இப்படி நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு மனிசனை மறைக்க உடுப்புத் தேடினேன். அது இன்னொரு மனிசனுக்கு அளவாய் இருந்திருக்கு. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேணுமா, எதற்கு என்று கேட்பது, ஒன்றும் தெரியவில்லை. கதையை எடுக்க வேணுமெண்டால் இப்பவும் சொல்லு. போன கடிதத்தில் எழுதின வீராப்பு எல்லாம் இப்ப என்னிடம் இல்லை.

சாம்பவி

*

கொட்டாஞ்சேனை
11.02.2025

அன்பின் சாம்பவி,

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு நீ திட்டலாம்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே, நீ திருத்தத் தந்த பிரதியைத் தேடி எடுத்தேன். கதையில் அந்த மனிதர் வெறும் 'அவர்'. தாடி மழித்த ஒரு முஸ்லிம் ஆள், அவ்வளவுதான் நீ எழுதியிருக்கிறாய். மிச்சம் எல்லாம் ஓரத்தில் என் பச்சைப் பேனா. குடையைக் கொலரில் கொளுவினது நான். புறக்கோட்டையில் பாத்திரக் கடையில் வேலைக்கு நின்றவர் என்று போட்டது நான். பஸ்ஸில் சில்லறையைக் கைக்குட்டையில் முடிந்து வைப்பார் என்று எழுதினதும் நான். நீ ஒரு ஆளுக்கு உடுப்புக் கேட்டாய், நான் அலுமாரியைத் திறந்து வாப்பாவின் உடுப்பை எடுத்துத் தந்திருக்கிறேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. முஸ்லிம் ஆள் ஒருவர் பஸ்ஸில் போகிறார் என்றால் எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்? அக்கரைப்பற்றுக்காரர் பாராட்டினது என்னை. வாப்பா கண்ணாடியைக் கழற்றினதும் என்னால்தான்.

நான் இப்ப என்ன வாசிக்கிறேன் தெரியுமா? உம்மாவின் பழைய கலண்டர்கள். கேஸ் சிலிண்டர் வந்த நாள், கண் டொக்டரிடம் போன நாள் என்று எல்லாவற்றையும் கட்டத்துக்குள் எழுதி வைப்பா. வருஷம் வருஷமாகக் கட்டி பரணில் போட்டிருந்தா. 2019 மே நாலாம் திகதிக் கட்டத்தில், அவவின் கோணல் எழுத்தில், "நோன்புச் சாமான் வாங்கினது. நடந்து வந்தேன். கால் வலி." அவ்வளவுதான். உனக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை, கலண்டருக்கும் முழுசாகச் சொல்லவில்லை. பரணுக்குக் கீழேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். உன்மேல் வைத்திருந்த பொறாமை எல்லாம் போனது. அதற்குப் பதிலாக வந்தது என்ன என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த பிழை பெரிசு. ஒருவருக்கும் சொல்லாதே என்றாய். வாப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தை அவருடைய அறைக்குள் கொண்டுபோய் முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவர் மேசைக்கு வராமல் ஒதுங்கிக் கிடக்கும்போது உன் ரகசியம் எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை, மன்னிச்சுக்கோ. உம்மா யாருக்கும் சொல்லவில்லை, இது வேறொரு வாப்பாவின் கதை என்று அவருக்குத் தெரிய வேணும் என்று நினைத்தேன்.

கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "அப்ப, இது என்னப் பத்தின கதையில்ல" என்றார்.

"இல்ல வாப்பா."

"அதான் பாத்தேன். ரெண்டு எடத்துல பிழையா ஈக்கிதே எண்டு. நான் வேற பேரோ வேற மதமோ செல்லல்ல. இல்லயெண்டு தலையத்தான் ஆட்டினேன். அடுத்தது," என்று நிறுத்தினார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை. "நான் எறங்கல்ல. கொட்டாஞ்சேன வரைக்கும் அந்த பஸ்ஸிலேயே வந்தேன். வீட்டத் தொறந்து, கதிரைல உக்காந்து ஈந்தேன். ஒரு மணித்தியாலம் கழிச்சி ஒங்க உம்மா வந்து, சாமான வச்சிட்டு, எனக்கு பிளேன்டீ ஊத்தித் தந்தா. ஒண்ணும் கேக்கல்ல. மவுத்தாகும் வரைக்கும் கேக்கல்ல."

பிறகு சொன்னார், "ஒங்க கூட்டாளிகிட்ட செல்லுங்க, கதைய எடுக்க வாணாம் எண்டு. ஆனா அந்த மனுஷன எறக்க வாணாம். எறங்கினா அவன் நல்லவனாப் போறான். வாசிச்சப்ப எனக்கு அதுதான் வெக்கமாப் போச்சி."

அன்றைக்கு ராச்சாப்பாட்டுக்கு மேசைக்கு வந்தார். கறியில் உப்புக் கூட என்று குறையும் சொன்னார். நான் உன் ரகசியத்தைக் கொடுத்து என் வாப்பாவைத் திருப்பி எடுத்திருக்கிறேன். இது சரியா பிழையா என்று நீதான் சொல்ல வேணும்.

போனில் பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் இதற்கு மட்டும் பதிலைக் கடிதமாகவே எழுது. உன் குரலைக் கேட்கப் பயமாக இருக்கு.

ஷபி

*

வெள்ளவத்தை
18.02.2025

அன்பின் ஷபி,

திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஒரு பக்கம் முழுக்கத் திட்டி எழுதிக் கிழித்தும் போட்டேன். என்ர அப்பாவை நீ உன் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாய். ஏழு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, கொட்டாஞ்சேனையில் ஒரு அறைக்குள் சத்தமாக வாசிக்கப்பட்டிருக்கு. கோபம் வரத்தான் செய்தது. இப்பவும் கொஞ்சம் இருக்கு.

ஆனால் கோபத்தை விட உன் வாப்பா சொன்ன ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. இறங்கினால் அவன் நல்லவனாகப் போகிறான் என்றது. நான் அந்த முடிவை என்ர அப்பாவுக்கு எழுதினதா, எனக்கு எழுதினதா? கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு "இறங்கினனான்" என்று அவர் சொன்ன மாதிரி திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. அவர் உண்மையாகவே இறங்கினாரா என்று முதல் தரம் யோசித்தேன். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கிறதும், ஒன்றும் கேட்காமல் அப்பால் போகிறதுமாக இருந்தேன்.

பதிப்பாளருக்கு வருகிற திங்கட்கிழமை கொடுக்க வேணும். கடைசிப் பக்கத்தை வெட்டிவிட்டேன். அந்த மனிதர் பஸ்ஸிலேயே இருக்கிறார், வீட்டுக்குப் போகிறார், கதிரையில் இருக்கிறார். மனைவி வருகிறாளா இல்லையா என்று நான் எழுதவில்லை. இத்தோடு பிரதி வைத்திருக்கிறேன், வாப்பாவிடம் காட்டு. அவர் ஓம் என்றால் மட்டும் போகட்டும். குடை, கைக்குட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். 'ஆசிரியர் பற்றி' வெறுமையாகவே போகுது. பதிப்பாளர் கத்துகிறார், கத்தட்டும்.

நேற்றுப் பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போன நேரம் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். நீ செய்ததைத்தான் நானும் செய்தேன், உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன். எண்பத்து மூன்றைக் கதையாக எழுதினதையும் சொன்னேன். அடிப்பாரோ என்று நினைத்தேன், எனக்கு நாற்பத்து மூன்று வயது. அடிக்கவில்லை. உன் வாப்பா இறங்காமல் வந்த இடத்தை வாசிக்கும்போது அப்பா கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"அவற்ர மனிசி வீட்டை வந்து சேர்ந்தவவோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா. ஒரு மணித்தியாலத்தில வந்திட்டா. ரீயும் ஊத்திக் குடுத்தவ."

அப்பா நீட்டின கையை எடுத்து மடியில் வைத்தார்.

"அப்பிடியெண்டால் இறங்கேல்லை எண்டு அவர் சொல்லலாம்" என்றார்.

சாம்பவி